சம்பளக் கடிதத்தில் கொசுறு

கொசுறு மனிதர் என்று ஓர் இனம் உண்டு. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் திணிக்கிறார்களே, அந்தக் கொசுறுதான். ஆனால் இவர் தருவது கறிவேப்பிலை அல்ல, தகவல். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது இவரால் ஆகாத காரியம். அதன் தலையில் ஒரு சிட்டிகையாவது அள்ளிப் போட்டால்தான் இவருக்குத் தூக்கம் வரும்.

மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். பத்து இருபதைப் பத்தே முக்கால் என்பார், நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில். பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் துணைக்குப் போவார், அவள் "ரெண்டு நாளா காய்ச்சல்" என்று சொல்லி முடிப்பதற்குள் "ரெண்டு நாளா? நாலு நாளா அனலாக் கொதிக்குது சார்" என்று நடுவில் புகுந்து, அந்தப் பிள்ளைக்கு ஓர் ஊசியைக் கூடுதலாக வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் "டீகூடக் குடிக்க மாட்டான்" என்று சேர்த்துப் போடுவார். டீக்கடையே வைத்திருக்கிற பையனைப் பற்றி! பொய்யரோ என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யர் தனக்காகச் சேர்ப்பார், இவர் உங்களுக்காகச் சேர்ப்பார். பொய்யரைக் கையும் களவுமாகப் பிடித்தால் நாலு அறை விடலாம். இவரை என்ன செய்வது? கட்டிப்பிடித்து அழலாம், அவ்வளவுதான்.

கடலூர் செம்மண்டலத்தில் ஸ்ரீ ரத்தினா பம்ப்செட்ஸ் என்ற கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமியை இந்த இனத்தின் முதல் தரச் சரக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். குமராட்சிப் பக்கம் பிறந்து, நெல்லை விட்டு மோட்டாருக்கு மாறி, முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறவர். பத்தடிக் குழாய் கேட்டால் பத்தரை அடி அறுத்துத் தருவார். ஒன்றாம் தேதி சம்பளம் ஒன்றாம் தேதியே வங்கிக் கணக்கில் ஏறிவிடும். தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்குக் கரும்பு. கடையில் வேலை செய்கிற யாரும் இவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கட்டம் சந்திரலேகாவுக்குத்தான் முதலில் வந்தது.

சந்திரலேகா அந்தக் கடையின் கணக்காளர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து போகிறவள், ஒன்பது வருடமாக. அவள் கணவன் அன்புமணிக்கு ஒரு குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எந்த நாடு என்று கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் நீங்களும் விண்ணப்பம் போட ஆரம்பித்துவிடுவீர்கள். அவன் விமானம் ஏறியபோது மகள் இளவரசிக்கு ஒன்றரை வயது, இப்போது நாலு. அப்பா என்றால் அவளுக்குச் செல்போன். போனில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தால் "அப்பா தூங்கிட்டாரு" என்பாள். ஒருநாள் போன் கைதவறிக் கீழே விழ, "ஐயோ, அப்பா விழுந்துட்டாரு" என்று தரையில் உட்கார்ந்து போனின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அன்றைக்குச் சந்திரலேகா சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இனி ஒரு வருடம்கூட இப்படி ஓட்ட முடியாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள அன்புமணியின் சம்பளம் அந்த நாட்டார் போட்ட அளவுக்கு ஒரு விரற்கடை குறைந்தது. மனைவியும் சம்பாதிக்கிறவள்தான் என்பதற்கு ஆதாரம் காட்டினால் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆதாரம் என்றால் வேறொன்றும் இல்லை. ஒரு வருட வங்கிக் கணக்கு, வேலை தருபவரிடமிருந்து ஒரு கடிதம். கடிதத்தில் நாலே விஷயம்: பெயர், வேலை, எப்போதிலிருந்து, மாதச் சம்பளம் எவ்வளவு.

"நாலே வரிம்மா" என்றார் ராஜசபேசன். சிதம்பரம் தெற்கு வீதியில் மாடிமேல் ஓர் அறையில் நெற்றி நிறைய விபூதியும் மேஜை நிறையக் காகிதமுமாக உட்கார்ந்து ஊராருக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர். "அஞ்சாவது வரி எழுதப்படாது. இந்த மாதிரிக் கடுதாசி எவ்வளவு வறட்சியா இருக்கோ அவ்வளவு நல்லது. அழகா எழுதினா சந்தேகம் வந்துடும் அவாளுக்கு."

நாலு வரி! அதைச் சந்திரலேகாவே கடைக் கம்ப்யூட்டரில் தட்டி, கடைப் பெயர் அச்சிட்ட தாளில் எடுத்து, கோவிந்தசாமியின் முன்னால் வைத்தாள். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா இது, கரண்டு பில்லு மாதிரி இருக்குது?"

"அவுங்க இவ்ளோதான் கேக்குறாங்க மொதலாளி."

"அவுங்க கேப்பாங்க. நாம குடுக்குறதுல ஒரு மரியாத வேணாமா? அசலூர்க்காரன் படிச்சிப் பாத்து, இந்தப் பொண்ணு இன்னா வெறும் முப்பத்தெட்டாயிரந்தானான்னு நெனைக்க மாட்டானா? நீ அங்க வெச்சிட்டுப் போ. நாளைக்கு நான் சிதம்பரம் கோயிலுக்கு வரேன், அப்படியே சாமி பாதத்துல வெச்சி எடுத்து, ராஜசபேசன் சார் கையில நானே குடுத்துர்றேன்."

கொசுறு மனிதரிடம் காகிதத்தை வைத்துவிட்டுப் போகலாமா? கூடாது. இதை நீங்களும் நானும் இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, காலையிலிருந்து பிரிந்திருந்த பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவள் போய்விட்டாள். மறுநாள் கோவிந்தசாமி சொன்னபடியே தரிசனம் செய்து, சொன்னபடியே உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராஜசபேசன் அன்றைக்கு வந்த நாற்பது காகிதங்களோடு நாற்பத்தோராவதாக அதையும் படம்பிடித்து ஏற்றிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'வேலை தருபவர் உங்களைத் தன் மகள் என்று குறிப்பிட்டிருக்கிறார். உங்கள் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அய்யனார் என்று உள்ளது. விளக்கவும். குடும்ப உறுப்பினர் நடத்தும் நிறுவனத்தில் வேலை என்றால் கூடுதல் ஆதாரம் தேவை.'

சந்திரலேகா அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராகக் கல்லாவுக்குத்தான் போனாள்.

"மொதலாளி, லெட்டர்ல இன்னா எழுதுனீங்க?"

"ஒண்ணுமில்லியே. கீழ காலி எடம் கெடந்துது. நல்ல கொணம், நல்ல குடும்பம், குனிஞ்ச தல நிமிராத பொண்ணுன்னு ரெண்டு வரி போட்டேன். எனக்கு மக மாதிரின்னும் போட்டேன்."

"மாதிரின்னு போடலியே!"

கோவிந்தசாமி கொஞ்சம் வெட்கப்பட்டார். "மொதல்ல போட்டேம்மா. அப்புறம் படிச்சிப் பாத்தா மாதிரின்றது மனசுக்கு ஒட்டாத மாதிரி இருந்துது. ஒம்போது வருசம் பழகுன பொண்ண மாதிரின்னு சொல்றதான்னு அடிச்சிட்டேன்."

என்ன சொல்வீர்கள் இதற்கு? கோபம்தான் வருமா? சந்திரலேகாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததால் எதையும் செய்ய முடியாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அந்த வாரம் முழுக்க அவள் அப்பா அய்யனார்தான் அவர் பெற்ற மகளுக்கு அப்பா என்று நிரூபிக்கிற வேலை நடந்தது. பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழி. "முப்பத்திமூணு வருசம் கழிச்சி நாந்தான் ஒங்கப்பன்னு சத்தியம் பண்ண வெச்சிட்டாரே ஒங்க மொதலாளி" என்று புலம்பிக்கொண்டே அய்யனார் கையெழுத்துப் போட்டார். புதிதாக ஒரு கடிதமும் வேண்டும் என்றார் ராஜசபேசன். இந்த முறை நாலு வரிக்கு மேல் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

சந்திரலேகா இந்தத் தடவை காலி இடமே விடவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, நாலு வரியைத் தாள் முழுக்கப் பரப்பி, கையெழுத்துக்கு மட்டும் ஒரு சந்து விட்டு அச்செடுத்தாள். கோவிந்தசாமியும் தப்பை உணர்ந்தவராக, "ஒரு வார்த்த சேக்க மாட்டேன், எம்மேல ஆணை" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனிதர். வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.

அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கம்ப்யூட்டரில் கடிதம் திறந்திருந்தது. சம்பளம் முப்பத்தெட்டாயிரத்து ஒன்று.

"மொதலாளி! இன்னா இது ஒண்ணு?"

"பின்ன, சுழியில முடிக்கச் சொல்றியா?" கோவிந்தசாமிக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "கல்யாணத்துல மொய் எழுதுனாக்கூட ஐந்நூத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணுன்னுதான எழுதுறோம்? நீ குடும்பத்தோட சேரப் போற. நல்ல காரியத்துக்குப் போற காயிதத்துல மூணு சுழியப் போட்டு அனுப்புனா வெளங்குமா?"

"அய்யோ, பேங்குல முப்பத்தெட்டாயிரந்தான இருக்குது!"

"ஒத்த ரூவாம்மா. ஜாஸ்திதான போட்டேன், கொறைச்சா போட்டேன்?"

"சரி, மாத்தி வேற எடுத்துத் தரேன், அதுல கையெழுத்துப் போடுங்க."

"அதான் போட்டு ராஜசபேசன் சாருக்கு வாட்சப்புல அனுப்பிட்டேனே. ரெண்டு நீல டிக்கும் வந்துருச்சு."

ராஜசபேசனுக்குப் போன் போட்டாள். "ஏத்தியாச்சும்மா, நாலு வரிதானே இருந்தது, எண்ணிப் பார்த்துத்தான் ஏத்தினேன்" என்றார் அவர். வரியை எண்ணினாரே ஒழிய ரூபாயை எண்ணவில்லை.

விசா ஆபீஸ்காரர்கள் எண்ணினார்கள். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்? 'கடிதத்தில் உள்ள ஊதியத்துக்கும் வங்கியில் வரவாகும் ஊதியத்துக்கும் மாதந்தோறும் ஒரு ரூபாய் வித்தியாசம் உள்ளது. காரணம் தெரிவிக்கவும்.' ராஜசபேசன் நல்ல யோசனைதான் சொன்னார். தட்டச்சில் பிழை நேர்ந்துவிட்டது என்று கோவிந்தசாமியே ஒரு வரி எழுதித் தந்துவிட்டால் போதும். சந்திரலேகா போய்க் கேட்டாள். பிழையா? கோவிந்தசாமியின் முகம் சுருங்கிவிட்டது. மங்கலமாகப் போட்ட ஒன்றைப் பிழை என்று அவர் கையாலேயே எழுதுவதா? அன்று மாலை வரை மோட்டார் கேட்லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் முகம் தெளிந்திருந்தது. "நீ ஒண்ணும் கவலப்படாதம்மா, நான் சரி பண்ணிர்றேன்" என்றார். கொசுறு மனிதர் சரி பண்ணுகிறேன் என்று சொன்னால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் போன் ஒலித்தது. ஒரு ரூபாய் வரவு. அனுப்பியவர் கோவிந்தசாமி. புதுச்சத்திரம் வருவதற்குள் மறுபடி ஒரு ரூபாய், மறுபடி ஒரு ரூபாய். கடிதத்தை மாற்ற மனமில்லாத மனிதர் வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டிருந்தார்! மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பாக்கி தீர்க்கிறார். பக்கத்து சீட்டு அம்மாள், "யாரும்மா அது, ஒத்த ஒத்த ரூவாயாப் போட்டுக்கினே இருக்குறது?" என்று கேட்டே விட்டாள். பன்னிரண்டு வந்து நின்றது. சந்திரலேகா மூச்சு விட்டாள். அப்போது பதின்மூன்றாவது வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "பன்னெண்டுன்னு ரெட்டப்படையில முடிக்க வேணாம்னு ஒண்ணு சேத்துப் போட்டுருக்கேம்மா."

அந்தப் பட்டியலையும் சேர்த்துப் புதிய வங்கிக் கணக்கு போக வேண்டியிருந்தது, போயிற்று. இந்தத் தடவை பதில் வர மூன்று வாரம் ஆகவில்லை, ஆறே நாள். அதை ராஜசபேசன் படிக்கப் படிக்க அவர் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்தது.

'உங்கள் ஊதியம் வரும் கணக்கின் நிறுவனம் வரிப் பதிவின்படி ரத்தினம்மாள் என்பவருடையது. கோவிந்தசாமி என்பவர் யார்? ஒரு கடிதத்தில் அவர் உங்களைத் தன் மகள் என்கிறார். இன்னொரு கடிதத்தில் தன்னை நிறுவன உரிமையாளர் என்கிறார். உரிமையாளர் அல்லாத அவர் ஒரே மாலையில் பதின்மூன்று முறை உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறார். உங்கள் இருவருக்கும் உள்ள உறவு என்ன? உண்மையான வேலை தருபவரிடமிருந்து பத்து நாளுக்குள் கடிதம் தேவை. இதன் பிறகு அவகாசம் இல்லை.'

சந்திரலேகா தலையில் அடித்துக்கொண்டாள். கடை கோவிந்தசாமியின் மனைவி ரத்தினம்மாள் பெயரில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா? மாதாமாதம் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்தப் பெயரைப் பார்க்கிறவளே அவள்தான். ஆனால் நம் ஊரில் பாதிக் கடை வீட்டம்மா பெயரில்தானே ஓடுகிறது? பெயர்ப் பலகையில் அம்மா, கல்லாவில் ஐயா. முதலாளி என்றால் கல்லாவில் இருப்பவர் என்றுதான் மோட்டார் வாங்குகிறவர் முதல் வரி ஆபீஸ் பியூன் வரை எல்லாரும் நினைக்கிறார்கள். ரத்தினம்மாளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அன்புமணி போனில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இதுவும் போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து போடணும் லேகா. ரெண்டு வருசம் ஆகும். பாப்பாவுக்கு ஆறு வயசு ஆயிரும்."

"தெரியும் மாமா" என்றாள் அவள்.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனாள். ரத்தினம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்திரலேகா நாலு வரிக் கடிதத்தை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"இதுல எழுதியிருக்கிறது அத்தனையும் நெசமா?" என்று கேட்டாள் ரத்தினம்மாள்.

"நெசந்தாங்க அம்மா."

"அப்பக் குடு."

அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார் கோவிந்தசாமி. வாசற்படியில் நின்றுகொண்டு, "ரத்தினம், கீழ ஒரே ஒரு வரி. வேற ஒண்ணும் இல்ல, 'வாழ்த்துக்களுடன்'னு மட்டும்" என்றார்.

"கட எம்பேர்லதான இருக்குது? அப்ப நாந்தான மொதலாளி?" ரத்தினம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க போயி யாவாரத்தப் பாருங்க."

வெண்டைக்காய்க் கொழகொழப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கோ. ரத்தினம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் மூன்று பேரை ஆட்டி வைத்த காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சந்திரலேகா அந்தக் காகிதத்தை உறையில்கூடப் போடாமல், எங்கே யாராவது வாழ்த்திவிடுவார்களோ என்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முடிந்ததா? எங்கே முடிந்தது! கடிதம் கிடைத்தது, ஏற்பது பற்றி முடிவு செய்யுமுன் நிறுவனத்தின் தொலைபேசியில் கூப்பிட்டுச் சரிபார்ப்போம் என்று ஒரு வரி வந்தது. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சந்திரலேகா கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியை விட்டு நகரவில்லை. மணி அடித்தால் கோவிந்தசாமியின் கை நீளுமுன் அவள் கை நீண்டது. ரத்தினம்மாளும் தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நாலு நாள் அழைப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் ரத்தினம்மாள் குமராட்சியில் அண்ணன் பேரனுக்குக் காது குத்து என்று போய்விட்டாள். பதினோரு மணிக்குச் சந்திரலேகா கைகழுவப் பின்பக்கம் போனாள். அப்போதுதான் அடித்தது.

ஈரக் கையோடு அவள் ஓடி வருவதற்குள் கோவிந்தசாமி எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல தமிழ். அந்தக் காலத்துப் போன், பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"ரத்தினம்மாள் இருக்காங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க. நான் அவுங்க வூட்டுக்காரரு, கோவிந்தசாமி. கடையப் பாத்துக்கிறது நாந்தான்."

"ஓ, நீங்கதானா அது!" என்றது குரல். பதின்மூன்று ரூபாய் அந்த ஆபீஸில் நன்றாகப் பரவியிருக்கிறது போலும். "சரி, நீங்களே சொல்லுங்க. சந்திரலேகான்னு உங்க கடையில யாராவது வேலை செய்றாங்களா?"

"செய்யுதுங்க."

"என்ன வேலை?"

"கணக்கு."

"எத்தனை வருஷமா?"

கோவிந்தசாமியின் உதடு துடித்தது. பத்து என்று சொல்ல ஆசை, அல்லது பதினொன்று. சந்திரலேகா எதிரே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். கூப்பிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்போது."

"மாசச் சம்பளம்?"

"முப்பத்தெட்டாயிரம்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் வந்த ஒன்றை விழுங்குவது தொண்டையில் தெரிந்தது.

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

கிணற்று மோட்டார் குழாய்க்கு ஃபுட் வால்வு வாங்க வந்திருந்த ஒரு விவசாயிகூட எதுவும் புரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோவிந்தசாமி சந்திரலேகாவைப் பார்த்தார். ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் பார்க்கிற முகம்.

"இல்லீங்க" என்றார். "சொந்தமெல்லாம் இல்ல. வேல செய்யிற பொண்ணு."

"நல்லது. அவ்வளவுதான்" என்றது குரல். சந்திரலேகாவுக்கு உயிர் வந்தது. அந்தக் குரல் அதோடு வைத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் படித்த பெண், மரியாதை தெரிந்த பெண். கோவிந்தசாமியிடம் உலகத்தில் யாரும் கேட்கவே கூடாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "அவங்களைப் பத்தி வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

பாவம், மனுஷன்! நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"இல்லீங்க."

"ஒண்ணும் இல்லையா? நல்லவிதமா ஏதாவது இருந்தாலும் சொல்லலாம்."

"ஒண்ணும் இல்லீங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். பிறகு ஃபுட் வால்வு விவசாயி பக்கம் திரும்பி, இந்தப் பொண்ணு இருக்குதே என்று ஆரம்பித்தார் பாருங்கள், அடைத்த மடையைத் திறந்துவிட்டது மாதிரி அரை மணி நேரம் கொட்டினார். ஒருநாள் லீவு போட்டதில்லை, கணக்கில் காலணா உதைத்ததில்லை, வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து கணக்குப் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றினாள், இன்னும் என்னென்னவோ. ஒன்றுகூட மிகை இல்லை என்பதுதான் வேடிக்கை. கேட்ட விவசாயி வால்வு வாங்க மறந்துபோனார். எல்லாம் முடிந்த பிறகு கோவிந்தசாமி சந்திரலேகாவைப் பார்த்துத் தழுதழுத்தார்.

"ஏம்மா, சொல்ல ஒண்ணுமே இல்லன்னுட்டேனே. அந்தம்மா ஒன்னப் பத்தி இன்னா நெனைச்சிருக்கும்? ஒம்போது வருசம் வேல செஞ்ச பொண்ணப் பத்திச் சொல்றதுக்கு ஒரு நல்ல வார்த்த இல்லியான்னு நெனைச்சிக்காதா?"

சந்திரலேகா முதல்முறையாக அவர் முன்னால் வாய்விட்டு அழுதாள். கோபத்தில் அல்ல. "நெனைச்சிக்கிட்டும் மொதலாளி. அதுபோதும் எனக்கு" என்றாள்.

இருபதாவது நாள் விசா வந்தது. தாயும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் அப்பாவை நேரில் பார்த்த இளவரசி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சார்ஜர் எங்கே சொருகுவது என்று தேடினாளாம்.

சரி, கோவிந்தசாமி கதை கிடக்கட்டும். நீங்கள் எப்படி? உங்கள் எதிர்வீட்டுப் பையனைப் பற்றியோ, ஆபீஸ் தோழியைப் பற்றியோ யாராவது விசாரித்து, கேட்டதற்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் ரகமா நீங்கள்? நிச்சயமாகவா? நன்றாக யோசித்துப் பாருங்கள். பதில் தேவையில்லை. இதோ, சொல்ல வாயைத் திறக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.